அப்பாவைவிட மூத்த மகன்

சனிக்கிழமை காலையில் அந்த நேரம் நெருங்கினால் அக்காவுக்கு இன்றைக்கும் தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும். கையில் இருப்பது துடைப்பமானாலும் சரி, காய் நறுக்கும் கத்தியானாலும் சரி, முதுகு நிமிர்ந்துவிடும். அப்புறம்தான் நினைவு வரும், ரேடியோ நிலையமே இப்போது இல்லை என்று. அது இருந்த மாடியில் மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். போன மாதம் கண்ணாடி மாற்ற அங்கேதான் போனாள். சுவரில் மாட்டிய எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். அந்தச் சுவர் முழுக்க ஒரு காலத்தில் முட்டை அட்டை ஒட்டியிருந்தது, வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க. அதைச் சொல்ல வாயெடுத்தவள், கண்ணாடிக்காரப் பெண்ணின் வயதைப் பார்த்துவிட்டு, தெரிந்த எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்தாள்.

அவள் ஊருக்கே அக்கா ஆன கதை வேடிக்கையானது. ரேடியோவில் அவளுடைய வேதாகமக் கேள்வி-பதில் நிகழ்ச்சி தொடங்கிய முதல் வாரம் போன் செய்த பெரியவர், அவளுக்குத் தாத்தா வயது, “அக்கா, வேதத்துல ஒரு சந்தேகம்” என்று ஆரம்பித்தார். அதோடு அவள் சொந்தப் பெயர் போயே போயிற்று. அவளைப் பாப்பா என்று கூப்பிட ஒரே ஒருவர்தான் மிச்சம். அவளுடைய சித்தப்பா. நாலைந்து கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து நடத்திய அந்தக் குட்டி நிலையத்துக்கு அவர்தான் மேனேஜர்.

வாரத்தில் மற்ற நாளெல்லாம் அக்காவுக்குப் பல் டாக்டரின் முன்னறையில் வேலை. “அடுத்தவர் வாங்க” என்று சொல்வதுதான் அந்த வேலையின் மொத்தப் பேச்சு. அதனால் சனிக்கிழமையின் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு உயிர். அப்போதுதான் யாரோ அவளிடம் கேட்பார்கள், அவள் யோசித்துப் பதில் சொல்வாள், ஊர் காது கொடுக்கும். வேதத்தில் என்ன கேள்வி வேண்டுமானாலும் போனில் கேட்கலாம், நேரடி ஒலிபரப்பு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரன் உட்கார்ந்திருப்பான். இருக்கிற பொத்தான் எல்லாவற்றையும் அமுக்குகிறவன் என்பதால் அவனுக்கு பட்டன் என்று பெயர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சிக்குள்தான் கணக்கு சார் நுழைந்தார்.

“அக்கா, சாலொமோன் ராஜாவுக்குக் குதிரை லாயம் எத்தனை?” என்றது ஒரு கரகரப்பான குரல். பின்னாலேயே காதைக் கிழிக்கிற ஊளை ஒன்று வந்தது. போன் பேசுகிறவர் பக்கத்தில் அதே நிகழ்ச்சி ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஊளையிடும்.

“சார், முதல்ல உங்க வீட்டு ரேடியோவைக் குறைங்க.”

“அது முடியாதும்மா. லாயத்துக்கு வாங்க. ராஜாக்கள் புஸ்தகம் நாப்பதாயிரம்ங்குது. நாளாகமம் நாலாயிரம்ங்குது. மிச்சக் குதிரையெல்லாம் எங்க போய் நின்னுச்சு?”

பட்டன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தடவிக்கொண்டான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தர் தனித்தனிக் குதிரை நிற்கிற இடத்தை எண்ணியிருக்கலாம், இன்னொருத்தர் பத்துப் பத்தாக அடைத்த கொட்டகையை எண்ணியிருக்கலாம் என்றாள்.

“கொஞ்சம் சத்தமா, நிறுத்திச் சொல்லுங்க.”

சொன்னாள்.

“சரி. இன்னைக்கு நான் தோத்துட்டேன்,” என்று போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் இல்லாத சனிக்கிழமையே இல்லை. எப்போதும் எண்தான், வேறு எதுவும் கேட்க மாட்டார்; அதனால்தான் அவருக்குக் கணக்கு சார் என்று பெயர் விழுந்தது. கொள்ளைநோயில் செத்தது இருபத்துநாலாயிரம் பேரா, இருபத்துமூவாயிரம் பேரா என்பார். பவுல் ஒரே நாளில் விழுந்தவர்களைச் சொல்கிறார், எண்ணாகமம் மொத்தத்தைச் சொல்கிறது என்பாள் அக்கா. எரிகோ வழியில் கண் திறக்கப்பட்டது ஒரு குருடனுக்கா, இரண்டு பேருக்கா என்பார். “என் கல்யாணத்துக்கு எங்க மாமா வந்தார்னு சொன்னா, அத்தை வரலைன்னு அர்த்தமா சார்?” என்பாள். “உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா அக்கா?” என்பார். “இல்ல. பதிலுக்காக ஆச்சு,” என்பாள். ஊரே சிரிக்கும்.

ஒவ்வொரு முறையும் ரேடியோவைக் குறைக்கச் சொல்வாள், அவர் குறைக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் பதிலைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வைப்பார், பிறகு தோற்றுப்போய் வைத்துவிடுவார். “காது டமாரமா இருக்கும், இல்லேன்னா பிடிவாதம் தலைக்கேறியிருக்கும்,” என்பான் பட்டன். அக்கா மட்டும் வாரம் முழுக்க, பல்வலிக்காரர்களை உட்காரவைத்துவிட்டு, மேசைக்கு அடியில் வேதாகமத்தை விரித்துவைத்து அவர் அடுத்து எந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று தேடிக்கொண்டிருப்பாள். அவ்வளவு சந்தோஷமான தேடல் பிறகு அவள் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

ஒரு வாரம் தோற்றுமுடித்துவிட்டு அவர் சொன்னார்: “அடுத்த சனிக்கிழமை அப்பாவைவிட வயசுல மூத்த மகனைக் கூட்டிட்டு வரேன். தயாரா இருங்க.”

அன்று நிகழ்ச்சி முடிந்து படியிறங்கும்போது சித்தப்பா வழிமறித்தார்.

“பாப்பா, அது எதுன்னு தெரியும்ல?”

“அகசியா ராஜா. தெரியும் சித்தப்பா.”

“சபைகள்ல இருந்து பேச ஆரம்பிச்சுட்டாங்க. சனிக்கிழமை ரேடியோவைத் திறந்தா வேதத்துல ஓட்டை தேடற ஒருத்தர் குரல்தான் கேக்குதுன்னு. நம்ம ஜனங்க எளிய ஜனங்க. தப்புங்கற வார்த்தை காதுல விழுந்தாலே போதும், பாதிப் பேருக்குத் தூக்கம் போயிரும்.”

“அப்ப என்ன சொல்லட்டும்?”

“அகசியாவுக்குப் போட்டிருக்கிற நாப்பத்திரண்டு அவன் வயசு இல்ல, அவன் அம்மா வழி வம்சம் ஆட்சிக்கு வந்ததுல இருந்து எண்ணினதுன்னு பெரியவங்க ஒரு பதில் வச்சிருக்காங்க. அதைச் சொல்லு. எழுத்துப்பிழைன்னு மட்டும் உன் வாயில வரக்கூடாது. வந்துச்சுன்னா அந்த நேரத்துக்குப் பிரசங்க நாடாவைப் போட்டுருவேன். வீட்ல நான் உனக்குச் சித்தப்பா, இங்க மேனேஜர்.”

“ரெண்டு பேர் பேச்சையும் நான் கேட்டதில்லையே.”

“இந்தத் தடவை கேளு,” என்றார். சிரிக்கவில்லை.

அந்த வாரம் அக்கா வம்சக் கணக்கை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது பிறர் செருப்பைப் போட்டு நடப்பதுபோல இருந்தது. ஆனால் அந்த நேரத்தை இழந்தால், மிச்சம் இருப்பது ‘அடுத்தவர் வாங்க’ மட்டும்தான்.

சனிக்கிழமை வந்தது. சித்தப்பா பட்டனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் அழைப்பே ஊளையோடு வந்தது.

“அக்கா, அப்பா யோராம் பட்டத்துக்கு வந்தப்ப வயசு முப்பத்திரண்டு. எட்டு வருஷம் ஆண்டுட்டுப் போய்ச் சேர்ந்தார். சாகறப்ப வயசு எவ்வளவு?”

“நாப்பது சார்.”

“உடனே மகன் அகசியா சிம்மாசனம் ஏறறான். நாளாகமம் அவன் வயசு நாப்பத்திரண்டுங்குது. அப்போ அப்பா பொறந்தப்ப மகன் தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருந்தானா?”

பட்டன் வாயைப் பொத்திக்கொண்டான். சித்தப்பா கண்ணாடி வழியாக அக்காவையே பார்த்தார்.

“சார், அது அவன் வயசு இல்ல, அவன் அம்மா வழி வம்சத்தோட வயசுன்னு சில பெரியவங்க சொல்றாங்க.”

“அதே புஸ்தகத்துல மத்த ராஜாக்களுக்கும் இப்படித்தான் எண்ணியிருக்கா?”

“இல்ல.”

“இவனுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?”

ரேடியோவில் மௌனம் என்பது அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, ஒரு நொடி விட்டாலும் ஆபத்து. பேசு, பேசு என்று சித்தப்பா காற்றில் விரலைச் சுழற்றினார்.

“சார், எனக்கே அந்தப் பதில் தொண்டையில இறங்கல,” என்றாள் அக்கா. “நகல் எடுத்தவர் யாரோ கை தவறியிருக்கார். ராஜாக்கள் புஸ்தகத்துல அவன் வயசு இருபத்திரண்டுன்னுதான் இருக்கு. சில பழைய மொழிபெயர்ப்புகள்ல நாளாகமத்துலயும் இருபத்திரண்டுதான். அது பிழைதான்.”

சித்தப்பாவின் விரல் காற்றிலேயே நின்றுவிட்டது.

“ஆனா ஒண்ணு பாருங்க. அதுக்கப்புறம் எத்தனை பேர் அதைப் பார்த்து நகல் எடுத்திருப்பாங்க? அப்பா வயசு முந்தின வரியிலயே இருக்கு. உங்களுக்கும் எனக்கும் தெரியற பிழை அவங்களுக்குத் தெரியாதா? கையில எழுதுகோல் இருந்துச்சு. திருத்தியிருந்தா கேக்க ஆளே இல்ல. இது நம்ம சொத்து இல்ல, வந்தபடியே கொடுத்துருவோம்னு விட்டுட்டாங்க. தங்களுக்கு வசதியா மாத்திக்காதவங்க கையில இருந்து வந்ததுங்கறதாலதான் மிச்சத்தை நான் நம்பறேன்.”

போனில் ஒரு சிரிப்புக் கேட்டது. கணக்கு சாருடைய சிரிப்பு இல்லை. உடைந்து உடைந்து, மூச்சுக்கு நடுவே வருகிற ஒரு பெண்ணின் சிரிப்பு. நிற்காமல் வந்தது.

“அக்கா,” என்றார் அவர். குரல் மாறியிருந்தது. “கேட்டுச்சா?”

“யார் சார் அது?”

“என் வீட்டுக்காரி. படுத்த படுக்கைதான். பேச்சு போயிருச்சு. முகத்துல எந்த அசைவும் இருக்காது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வேதத்தை வச்சு எங்களுக்குள்ள சண்டை. அவளுக்குப் பக்தி, எனக்கு வாய். உங்க நிகழ்ச்சியில ஒருநாள் யாரோ வீம்பா கேட்டு மாட்டிக்கிட்டாங்க, இவ உதடு லேசா அசைஞ்சுது. அன்னைக்கு முடிவு பண்ணினேன். வாராவாரம் உங்ககிட்ட வந்து தோக்கறேன். ரேடியோவைக் குறைக்கச் சொல்றீங்க. அது அவ தலைமாட்டுல இருக்கு, எப்படிக் குறைப்பேன்?”

பட்டன் மூக்கை உறிஞ்சினான்.

“ஆனா இன்னைக்கு நீங்க தோக்கலையே சார்,” என்றாள் அக்கா.

“அதான் எனக்கும் புரியல. இல்ல, புரியுது. இவ டைப்பிஸ்ட். ஆபீஸ்ல இவ விரலுக்கு அப்படி ஒரு பேர். ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருத்தருக்கு ஓய்வு உத்தரவு அடிச்சப்ப வருஷத்துல ஒரு எண் மாறிப்போச்சு. மனுஷன் பொறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்குச் சேர்ந்துட்டார். நாலு மேசை தாண்டி எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் ராத்திரி முழுக்கச் சிரிச்சோம். அது ஞாபகம் வந்திருக்கும். அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டு ரொம்ப நாளாச்சு அக்கா.”

அதற்குமேல் அன்று யாருடைய கேள்வியும் எடுபடவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். “அந்த அம்மா சிரிப்பு இருக்கே,” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு, “ஆனா நான் சொன்னது சொன்னதுதான் பாப்பா. மூணு சபையில இருந்து போன் வந்தாச்சு. என் கையில இல்ல,” என்றார்.

அக்கா கெஞ்சவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பிரசங்கம் ஓடியது. நல்ல பிரசங்கம்தான். அக்கா பாதிவரை கேட்டாள். பிறகு வேதாகமத்தைப் பையில் போட்டுக்கொண்டு, போன் எண்ணை வைத்துப் பட்டன் தேடிக் கொடுத்த கணக்கு சாரின் விலாசத்துக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

“ரேடியோவைக் குறைங்க சார்,” என்றாள்.

குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். உள்ளே ஓடிப்போய்ப் பிரசங்கத்தை அணைத்த சத்தம் கேட்டது. ஜன்னலோரம் கட்டில். தலைமாட்டில் ரேடியோ. தலையணையில் ஒரு சிறிய முகம், இரண்டு கூர்மையான கண்கள். போர்வைக்கு மேலே விரல்கள் எதையோ தட்டிக்கொண்டே இருந்தன.

“எதிரியே வீட்டுக்கு வந்துட்டாங்க, பாரு,” என்றார் மனைவியிடம்.

அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரம் அந்த அறைக்குக் குடிவந்தது. அவர் கேட்பார், இவள் மடக்குவாள், அந்தக் கண்கள் தீர்ப்புச் சொல்லும். சில வாரம் பட்டனும் வந்து தரையில் சம்மணமிட்டு உட்காருவான். ஒருநாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தப்பா. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்,” என்று உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் கணக்கு சார் கட்சியில் சேர்ந்துகொண்டு, “அதெப்படி பாப்பா, சாமுவேல் புஸ்தகத்துல ஏழு வருஷப் பஞ்சம் நாளாகமத்துல மூணு வருஷமாச்சு?” என்று அவளையே கேட்டார். கட்டிலில் இருந்தவளுக்கு அன்றைக்கு மூச்சுமுட்டச் சிரிப்பு.

அக்கா நினைத்துப் பார்க்கிற சனிக்கிழமைகள் எல்லாம் இவைதான். ஊர் கேட்ட சனிக்கிழமைகளைவிட ஒரே ஒரு ஆள் கேட்ட சனிக்கிழமைகளே அவளுக்கு நெஞ்சில் நின்றன.

மழைக்காலம் முடியும்போது அந்த அம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே.

அடக்கத்துக்கு அடுத்த சனிக்கிழமை, போவதா வேண்டாமா என்று அக்கா வாசல்வரை வந்து இரண்டு முறை திரும்பினாள். பிறகு போனாள். கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தது. அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு நாற்காலியை முன்னமே போட்டுவைத்திருந்தார்.

“ஒரு கேள்வி ரொம்ப நாளா கைவசம் இருந்துச்சு,” என்றார். “அவ இருக்கறப்ப கேக்க மனசு வரல. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கல்லறைக்கிட்ட நின்ன தூதர் ஒருத்தரா, ரெண்டு பேரா? மத்தேயு ஒருத்தர்ங்கறார். லூக்கா ரெண்டு பேர்ங்கறார்.”

இதற்கு அக்காவிடம் நல்ல பதில் இருந்தது. “சார், ரெண்டு பேர் நின்ன இடத்துல ஒருத்தர்...”

“அது கிடக்கட்டும்,” என்று கையைக் காட்டி நிறுத்தினார். “கல்லறை காலியா இருந்துச்சா? அதுல யாராவது மாத்திச் சொல்லியிருக்காங்களா?”

“இல்ல சார். நாலு பேரும் காலின்னுதான் எழுதியிருக்காங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். நம்பினாரா என்று அக்கா கேட்கவில்லை. பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து மத்தேயுவின் கடைசி அதிகாரத்தைத் திறந்தாள். அந்த ஒரு மணி நேரமும் நாலு பேர் எழுதியதையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாள். அவர் ஓரிடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.