யாரும் திறக்காதீங்க

எங்கள் தெருவில் வீடுகளெல்லாம் ஒரே அச்சு. ஒரே உயரம், ஒரே ஜன்னல், வாசலில் ஒரே மாதிரி இரண்டு படி. கட்டினவர் முதல் வீட்டுக்கு மட்டும் மூளையைச் செலவழித்துவிட்டு மீதியைத் தூக்கத்தில் கட்டியிருப்பார் போல. கேட்டின் நிறத்தை வைத்துத்தான் ஆளுக்கு அடையாளம். எதிர் வரிசையில் பச்சைக் கேட் அக்கா, கோடியில் நீலக் கேட் வாத்தியார். எங்கள் கேட்டுக்கு நிறமே கிடையாது. என் வீட்டுக்காரர் பிரைமர் அடித்ததோடு சரி. ஊருக்கெல்லாம் ஏ.சி. மாட்டுகிற மனுஷன் வீட்டில் ஓடுவது பழைய மின்விசிறி, இதில் கேட்டுக்கு எங்கே நேரம்!

இவரைத் தெரு முழுக்க 'செயலாளர்' என்றுதான் கூப்பிடும். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். முன்பெல்லாம் இவருக்குக் கூட்டம் என்றாலே வேப்பங்காய். சங்கத்துக்காரர்கள் வந்தால் பின்கட்டில் போய் ஒளிந்துகொள்வார். அப்படிப்பட்டவரைச் செயலாளர் ஆக்கியது மாமாவுடைய பெஞ்சு.

மாமா என்றால் இவருடைய அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஞாபகம் கழன்று போனபிறகு எங்களோடு வந்து இருந்தார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும், "டூட்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். தடுத்தால் கத்துவார், பிறகு அழுவார். பெரிய உடம்பு அது. அந்த உடம்பு குலுங்கி அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

நகராட்சி நடத்திய முதியோர் பகல் நிலையம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. முற்றத்தில் ஒரு பெஞ்சு, பக்கத்தில் கம்பம் நட்டு ஒரு பழைய பஸ் ஸ்டாப் பலகை. வீட்டுக்குப் போகணும், வேலைக்குப் போகணும் என்று கிளம்புகிற பெரியவர்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். எந்த பஸ்ஸும் வராத ஸ்டாப். மாமாவிடம் மட்டும் நிலையத்து நர்ஸம்மா வேறு பாட்டுப் பாடுவார். "வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்கு டிரைவர் சார், பிரேக் பாக்குறாங்க."

பிரேக் என்றதும் மாமா அடங்கிவிடுவார். "பாக்கட்டும், பாக்கட்டும். அவசரமே இல்ல." கொஞ்ச நேரத்தில் எதற்காக உட்கார்ந்தோம் என்பதே மறந்து, டீ குடிக்க உள்ளே வந்துவிடுவார். ஏமாற்று வேலைதான், ஆனால் எவ்வளவு அன்பான ஏமாற்று வேலை! அந்தப் பெஞ்சை நம்பித்தான் நான் மருந்துக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தேன், இவர் ஏணி ஏறினார்.

அப்புறம் வந்தது பட்ஜெட். வீட்டு வரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. குப்பைக்குத் தனி வரி. அதே கையோடு, சிக்கனம் என்று சொல்லித் தெருவிளக்கில் ஒன்று விட்டு ஒன்றை அணைத்தார்கள், நூலகத்தைப் பூட்டினார்கள், பகல் நிலையத்தையும் மூடினார்கள். வரி ஏறினால் வசதி கூடும் என்று நம்புகிற அளவுக்கு நாங்கள் பச்சைப்பிள்ளைகள் இல்லை. வரியும் ஏறி, இருந்ததும் பறிபோனால் வயிறு எரியுமா எரியாதா? அந்த வருஷம்தான் நகராட்சி தனக்குக் கண்ணாடி மாளிகை கட்டிக்கொண்டது. வாசலில் செயற்கை நீரூற்று வேறு. அதற்கு ராத்திரி முழுக்கக் கலர் விளக்கு.

நிலையத்தின் கடைசி நாளில் ஆளுக்கொரு மஞ்சள் மழைக்கோட்டு கொடுத்து அனுப்பினார்கள். ஊழியர்களுக்கு வாங்கியதில் மிஞ்சியதாம். முதுகில் நகராட்சி முத்திரை. யூனிபார்ம் கிடைத்த பெருமையில் மாமா அதை வெயிலில்கூடக் கழற்றவில்லை. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டார்.

நாங்களும் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்தோம். "வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்கு மாமா" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது ஸ்டாப்பே இல்லியேம்மா. யாரு உன்னை வேலைக்கு வெச்சது?" என்றார். அன்றிலிருந்து முறை போட்டுக்கொண்டோம். காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் இவர். கதவுக்குப் பூட்டு. இவருக்கு வேலைகள் கைநழுவிப் போயின.

நிலையத்தைத் திறக்கச் சொல்லி இவர் நகராட்சிக்கு அலையாய் அலைந்தார். ஒவ்வொரு மேஜையாகத் தள்ளிவிட்டு, கடைசியில் நிதி இல்லை என்று கையை விரித்தார்கள். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. "நிதி இல்லையாம். வெளியில நீரூத்து ஊத்துது, அந்தச் சத்தத்துல அவன் சொல்றதே எனக்குக் கேக்கல" என்றார். மறுநாளே சங்கத்தில் போய் உட்கார்ந்தார். பகல் நிலையத்தைத் திறக்கும்வரை யாரும் வரி கட்டுவதில்லை என்று தெருவையே பேச வைத்தது இவர்தான். வாய் செத்த மனுஷனுக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ.

சட்டம் படித்த ஒருவர் ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தார். பாக்கி நோட்டீஸை வீட்டு ஆள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும். வாங்கவில்லை என்றால் அபராதம் போட முடியாது. ஆகவே யார் கண்ணில் முதலில் நகராட்சி ஊழியரின் மஞ்சள் கோட்டு படுகிறதோ அவர் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். உடனே தெருவில் விளக்கெல்லாம் அணையும், மூச்சுச் சத்தம் இருக்காது. ஒரு வீட்டுக் கதவு திறந்தாலும் அந்த வீட்டு ஆளைச் சாட்சியாக வைத்து மொத்தத் தெருவையும் மாட்டிவிடுவார்கள் என்று இவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். முதல் தடவை ஊழியர்கள் இருட்டில் தட்டித் தட்டிக் கை வலித்துத் திரும்பியபோது, நாங்கள் இருட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்கும் அது பிடித்திருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நான் கடையிலிருந்து வரும்போதே வானம் கொட்டிக்கொண்டிருந்தது. முன் அறையில் அட்டையும் பெயிண்டுமாகக் கிடந்தது. மறுநாள் ஊர்வலத்துக்கான பதாகைகள். 'முதியோர் நிலையத்தைத் திற' என்று இவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து அழகாக இருந்தது. பெயிண்ட் வாங்கி வந்த சங்கத்து ஆள் போனபிறகு இவர் கதவைப் பூட்ட மறந்திருக்கிறார். பின் அறையில் மாமா இல்லை. கொக்கியில் மஞ்சள் கோட்டும் இல்லை.

"இப்பத்தான் பார்த்தேன். தூங்கிட்டிருந்தாரு." இவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "யாருக்காக எழுதறீங்களோ அவரைப் பாக்காம என்ன எழுத்து வேண்டிக்கிடக்கு!" என்று கத்திவிட்டேன்.

டிரைவர் வேறெங்கே போவார்? டெப்போவுக்குத்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினோம். மெயின் ரோட்டில் ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பார்த்தோம். டெப்போ காவலாளி டார்ச் அடித்து நின்ற பஸ்களுக்குள் எல்லாம் தேடிக் கொடுத்தார். இல்லை. இவர் போனை எடுத்தார். திரை நனைந்து விரலுக்குப் பிடிபடவில்லை. சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"குரூப்ல போடுங்க. தெரு ஜனமே வந்து தேடும்" என்றேன்.

"கொஞ்சம் பொறு. தெருவுல நோட்டீஸ் ஆள் வந்திருக்கானாம். மஞ்சள் கோட்டு, ஒவ்வொரு வீடா தட்டறானாம்." இவர் எனக்கு அந்த மெசேஜைக் காட்டினார். "இப்ப அப்பாவைக் காணோம்னு போட்டா எல்லாரும் கதவைத் திறந்துகிட்டு வந்துருவாங்க. இத்தனை நாள் திறக்காம இருந்ததெல்லாம் வீணாப் போயிரும். அவன் போனதும் போடறேன்."

சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார். நான் பக்கத்தில் நின்று படித்தேன். 'யாரும் திறக்காதீங்க. எவ்வளவு நேரம் தட்டினாலும் சரி. கெட்டியா இருங்க.'

படித்தேன், அவ்வளவுதான். மஞ்சள் கோட்டு என்று இரண்டு பேரும் வாசித்தோம், இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. எங்கள் மனதில் மாமா பெரிய ரோட்டில், பெரிய வண்டிகளுக்கு நடுவில் இருந்தார். எங்கள் தெருவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? நிலையத்து வேன் காலையில் வாசலில் ஏற்றி, சாயங்காலம் வாசலில் இறக்கியது. அது நின்றபிறகு பூட்டிய வீட்டுக்குள் இருந்தார். தெருவில் பாதிப் பேர் அவர் முகத்தையே சரியாகப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசல்வரை தேடிவிட்டுத் திரும்பினோம். தெரு குகை மாதிரி இருந்தது. நகராட்சி அணைத்தது போக மீதியைச் சங்கம் அணைத்திருந்தது. 'சத்தம் நின்னுடுச்சு, போயிட்டான்' என்று யாரோ குரூப்பில் போட்டிருந்தார்கள். தெருமுனையில் நின்றபடியே இவர், 'அப்பாவைக் காணோம். எல்லாரும் கொஞ்சம் வெளியே வாங்க' என்று அனுப்பினார்.

வந்தார்கள். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அனுப்பிய மறுநிமிஷம் வீடு வீடாக விளக்கு எரிந்தது, கதவுகள் திறந்தன. குடை, டார்ச், செருப்புக்கூடப் போடாத கால்கள். இப்படி ஒரு தெரு யாருக்குக் கிடைக்கும்? அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தோம். கோடியில், நீலக் கேட் வாத்தியார் வீட்டுப் படியில், கதவில் தோளைச் சாய்த்து மாமா உட்கார்ந்திருந்தார். கோட்டின் மேல் பொத்தானைப் போடத் தெரியாமல் மார்பெல்லாம் நனைந்திருந்தது. வலது கை விரல் முட்டிகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

இவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். இனி என் பகைவருக்குக்கூட அப்படியொரு முகம் வரக் கூடாது.

மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் மூச்சுக்குப் போராடினார். கண் திறக்கவேயில்லை. ஒரு விடியற்காலையில் அடங்கிவிட்டது.

எடுத்து முடித்து எல்லோரும் போனபிறகு பச்சைக் கேட் அக்கா மட்டும் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"செயலாளர் தம்பி, இதைச் சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. அன்னிக்கு அவரு எங்க வீட்டையும் தட்டினாரு."

இவர் நிமிர்ந்தார்.

"ஜன்னல் வழியாப் பார்த்தேன். இருட்டு, கோட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. ஆனா வயசான குரல்னு தெரிஞ்சுதுப்பா. மனசு கேக்கல. எழுந்து போய்த் தாழ்ப்பாள்ல கையை வெச்சுட்டேன். அப்பத்தான் போன்ல உங்க மெசேஜ் வந்துச்சு. ஒரு வீடு திறந்தாலும் எல்லாரும் மாட்டிப்போம்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. என்னால தெருவுக்குக் கெட்ட பேரு வேணாமேன்னு... கையை எடுத்துட்டேன்."

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. எழுந்துபோய் அக்காவின் தோளைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. அதே சமயம் அவரை நாலு அறை அறைய வேண்டும் என்றும் தோன்றியது. என்னையும்தான். இரண்டில் ஒன்றும் செய்யாமல் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"அப்பா என்ன கேட்டாரு?" என்றார் இவர்.

அக்கா தயங்கினார். "விடுங்க தம்பி."

"சொல்லுங்கக்கா."

"மழையா இருக்கும்மா, கொஞ்சம் உள்ள நின்னுக்கலாமான்னு கேட்டாரு."

இவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டேன் என்பது போல. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வாசல்படி வரை போய்விட்டார். இவர் பின்னாலேயே போய், அக்காவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எப்படிக் கேட்டாருக்கா? அதட்டிக் கேட்டாரா?"

"ஐயோ, இல்லப்பா. கெஞ்சித்தான் கேட்டாரு."