சோதனை

“அப்பா, பாபேலில் ஆண்டவர் பாஷையைக் கலைச்சப்போ, ஜெபம் பண்ற பாஷையும் கலைஞ்சு போச்சா?” என்று லூசி ஏழு வயதில் ஒருமுறை கேட்டாள். அவள் அப்பா பேசில் சிரித்துக்கொண்டே, அதற்குத்தானே தன்னைப் போன்ற துபாஷிகளை ஆண்டவர் வைத்திருக்கிறார் என்று பதில் சொன்னார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அதை அவர் நம்பினார். வார நாளெல்லாம் ரயில்வே ஆபீசில் துரைமார் பேச்சைத் தமிழுக்கும் மலாய்க்கும் மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்ச் சபையில் வெள்ளைக்காரப் போதகர் ஒரு வாக்கியம் சொல்ல, இவர் அதைத் தமிழில் இரண்டாக விரித்துச் சொல்வார். சனங்கள் போதகரைப் பார்ப்பதில்லை, இவர் வாயைத்தான் பார்ப்பார்கள். மனைவி இறந்த பிறகு அந்தப் பார்வையே அவருக்குச் சோறும் தண்ணீருமாக இருந்தது.

லூசி வளர்ந்து பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போகத் தொடங்கிய வருஷம், ஒரு ஜெபக் கூட்டத்தில் பாக்கியம் எழுந்து நின்றாள். தண்டவாளத்தில் கல் கொட்டும் விதவை அவள். தங்கையின் குடும்பம் ஊரிலிருந்து கப்பலேறி வருவதற்குக் காத்திருந்தது. “ஆண்டவரே, எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல் ரட்சியும். டாக்டர் பிள்ளைங்களைப் பிடிச்சு வைக்காம விட்டுடணும்” என்று கண்ணை மூடிக்கொண்டு மன்றாடினாள்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கும் கூலிகளை வியாதி இருக்கிறதா என்று பார்த்து, முகாமில் அடைத்து வைப்பார்கள். கர்த்தருடைய ஜெபத்தில் வரும் சோதனை என்ற சொல்லுக்கு அவளுக்கு அதுதான் அர்த்தம். பேசில் அதைப் போதகருக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சபையின் பக்கம் திரும்பி, “பாக்கியம் ஆண்டவரைத் துறைமுக டாக்டராக்கிட்டா லா. இனி எல்லாரும் நாக்கை நீட்டிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க” என்றார். கூடமே சிரித்தது. பாக்கியம் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அவளைக் காணவில்லை.

அன்று பிரசங்கம் பாபேலைப் பற்றி. கர்த்தர் இறங்கிவந்தார் என்று போதகர் சொன்னதும் பேசில் வாயைத் திறந்தார். “கத்தரி...” என்று வந்தது. மறுபடி முயன்றார். “கத்தரி இறங்கி...” வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சனங்கள் சிரித்தார்கள். அவருடைய வலது கை பக்கத்தில் தொங்குவதையும், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதையும் முதலில் பார்த்தவள் லூசிதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள், இது பெருமைக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று வாசலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அதில் சந்தேகம் இல்லை. கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிப் பார்ப்பார். முதல் சொல்லே நாக்கில் உடையும். ஜெபம் பண்ணும் பாஷையும் கலைந்துதான் போயிற்று. தன் சத்தம் இனி மேலே எட்டாதோ என்ற பயத்தில் மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

லூசி பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம் பாக்கியம் கஞ்சியோடு வந்தாள். மறுநாளும் வந்தாள். சிந்தியதைத் துடைத்துவிட்டு ஊட்டினாள். பேசில் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, வெகு நேரம் திக்கி, “தண்... தண்டனை” என்றார்.

“எனக்குத் தெரியாதுங்கய்யா,” என்றாள் அவள். “நான் வந்திறங்கினப்போ என் பிள்ளையை அந்த முகாம்லதான் பறிகொடுத்தேன். மூணு வயசு. அது என்ன பெருமை பண்ணுச்சு? ஆண்டவர் யாரை எதுக்கு அடிக்கிறாருன்னு கேட்டுக்கிட்டிருந்தா கஞ்சி ஆறிப்போகும். வாயைத் தொறங்க.”

அவர் வாயைத் திறந்தார். இவள் எதைச் சொல்லி மன்றாடினாளோ அதைத்தான் அவர் கூடத்தின் நடுவே சிரிப்பாக்கியிருக்கிறார். நாக்கு விழுந்த அன்று இவ்வளவு வலிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல் வரவில்லை, கண்ணீர் வந்தது. அவள் அதையும் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள்.

கோல் ஊன்றி நடக்க மாதங்கள் ஆயின. பேச்சு பாதிதான் திரும்பியது. சபையில் வேறொருவர் துபாஷியானார். பேசில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சொற்களை மட்டும் முணுமுணுப்பார். தண்டனை நீங்கிற்றா என்று கேட்பதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது.

பாக்கியத்தின் தங்கை குடும்பம் அதற்குப் பிறகுதான் கப்பலில் வந்து இறங்கியது; துறைமுகத்தில் அவர்களை விட்டுவிட்டார்கள். கடைக்குட்டியை மட்டும் காய்ச்சல் என்று முகாமில் நிறுத்திக்கொண்டார்கள். பாக்கியம் வேலைக்குப் போகாமல் அந்த வேலியோரமே கிடந்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது, சாயங்கால ரயிலில் எல்லாரும் வருகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் லூசி சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

பாக்கியம் குடியிருந்த கூலி லயத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் வாசலில் தண்ணீர் பிடித்துவைக்கும் பீப்பாயான தோங் காய்ந்து கிடந்தது. பேசில் கோலைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு வாளியை இடது கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் தோள் உரச மெல்லப் பொதுக்குழாய்க்குப் போனார். அரை வாளிக்கு மேல் தூக்க முடியவில்லை. பாதி வழியில் கொஞ்சம் சிந்தியது. திரும்பிப் போனார், வந்தார், மறுபடி போனார்.

தோங் விளிம்பு வரை நிறைந்ததும் தூசி விழாமல் மூடியை வைத்தார். ஈரமான வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ரயில் வருவதற்கு முன்பே வீட்டுக்கு நடந்தார்.