நிபந்தனையோடு வந்த ஆதரவு

பெரம்பலூரில் இருந்த அந்தத் தனியார் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் காசிநாதனுக்கு, 2004ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னர் ஓர் இழிவான வேலை வாய்த்தது. வருகிற திங்கட்கிழமை முதல் ஆசிரியைகள் எவரும் தலையில் துணியிட்டு வகுப்புக்குள் நுழையக் கூடாது என்று புதிய தாளாளர் மணிவேல் உத்தரவிட்டுவிட்டார். அதைக் கணித ஆசிரியை பஷீராவிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு காசிநாதனுடையது.

பள்ளியில் ஹிஜாப் அணிபவள் பஷீரா ஒருத்திதான். வேதியியல் ஆசிரியை ஜெரினாவும் முஸ்லிம் பெண்ணே. ஆனால் அவள் தலையை மூடாமல், பின்னலில் கனகாம்பரம் சூடி வருவாள். இருவரும் குரும்பலூரிலிருந்து ஒரே பேருந்தில் வருபவர்கள்; மதியச் சோற்றைப் பகிர்ந்து உண்பவர்கள்.

"எடுக்க மாட்டேன் சார். அனுப்பினா போயிடுறேன்," என்றாள் பஷீரா. படுக்கையில் கிடக்கும் அவளுடைய தந்தையின் வைத்தியம் அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது என்பதைக் காசிநாதன் அறிவார்.

மறுநாள் ஜமாத்துத் தலைவரான அவளுடைய பெரியத்தா, அதாவது தந்தையின் அண்ணன், ஜப்பார் பள்ளிக்கே வந்துவிட்டார். காசிநாதனின் அறையில் வைத்தே பஷீராவிடம் பேசினார்.

"ஒரு வார்த்த சொல்லு புள்ள. நம்ம புள்ளைங்க அத்தனையையும் ஸ்கூல விட்டு நிறுத்திடுறோம். மணிவேல் தானா வழிக்கு வருவாரு. அதோட, அந்த ஜெரினாவும் முக்காடு போட்டுத்தான் வரணும்னு கேக்கப்போறோம். நீயும் கூட நிக்கணும்."

காசிநாதனுக்கு அப்பாடா என்றிருந்தது. பிள்ளைகள் நின்றால் தாளாளர் தாங்க மாட்டார். இவள் வேலை பிழைத்துவிடும்.

"அப்படின்னா வேணாம் பெரியத்தா," என்றாள் பஷீரா.

"கிறுக்குப் புடிச்சிருக்கா? ஒனக்காகத்தானே வந்தோம்."

"என் தலையில என்ன கெடக்கணும்னு தாளாளர் சொல்லக் கூடாதுன்னுதானே சண்ட. அவ தலைக்கு மட்டும் நீங்க சொல்லலாமா?"

ஜப்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். காசிநாதன் நினைத்துப் பார்த்தார். எடு என்று ஓர் ஆண். போடு என்று இன்னோர் ஆண். உத்தரவைச் சுமந்து வந்த தாம் மட்டும் என்ன ஒழுங்கு? கைக்கெட்டிய வெற்றியைத் தோழிக்காகத் தள்ளிவிட்டு, பஷீராவோ சாக்பீசை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை தாளாளர் அறைக்குள் பஷீரா முக்காட்டுடன் நுழைந்தாள். பின்னாலேயே ஜெரினா நுழைந்தாள். காசிநாதனும் எழுந்து போனார்.

"நீ எதுக்கும்மா வந்த?" என்றார் மணிவேல், ஜெரினாவைப் பார்த்து. "ஒனக்கு ஒண்ணும் சொல்லலியே."

"இவங்கள அனுப்பினா நானும் போயிடுவேன் சார். அதச் சொல்லத்தான்."

"அப்ப பிளஸ் டூவுக்குக் கணக்கும் கெமிஸ்ட்ரியும் நீங்களே எடுத்துக்குங்க," என்றார் காசிநாதன். "என்னால ஆள் புடிக்க முடியாது."

மணிவேல் மேசை நாட்காட்டியைப் புரட்டினார். "சரி, பப்ளிக் எக்ஸாம் வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

"ரிசல்ட் வந்ததும் நீங்களே இருக்கச் சொல்லுவீங்க சார்," என்றாள் பஷீரா.

ஜெரினா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். காசிநாதன் ஒதுங்கி நின்று இருவருக்கும் வழிவிட்டார்.