பத்தொன்பதாம் பக்கத்துப் பொத்தான்கள்

ஒரு முத்தத்தின் விலை முந்நூற்று எண்பது பக்கம். பேரம் கிடையாது. அதற்குள் ஒரு கப்பல் மூழ்க வேண்டும், ஊரில் கொள்ளைநோய் பரவ வேண்டும், பெண்ணின் சித்தப்பா சொத்தைச் சுருட்ட வேண்டும், கதாநாயகன் கடவுளோடு சண்டை போட்டுச் சமாதானமாக வேண்டும். பிறகு ஆலயத்தில் மோதிரம் மாற்றி, பாதிரியார் ஆசீர்வதித்து, அதற்கும் பிறகு ஒன்றே ஒன்று. எங்கள் பொத்தான் கடையில் ஒரு டஜனுக்கு இத்தனை நேரம் காக்கவைத்தால், வந்தவன் சட்டையைத் திறந்துபோட்டபடியே போய்விடுவான்.

என் மனைவி முப்பது வருடமாக அந்த விலையை முணுமுணுக்காமல் கொடுப்பவள். நூறு இருநூறு வருடத்துக்கு முன்னால் நடக்கிற கிறிஸ்தவக் காதல் நாவல்கள்தான் அவளுக்கு வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்துப் பக்கத்து அறையில், இரவல் புத்தகம் வைத்திருக்கும் இரும்பு அலமாரிக்கு நேராகப் போவாள். நான் அட்டைப் படத்தோடு சரி. எல்லா அட்டையிலும் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்பாள். முதுகு நெடுக முத்துப் பொத்தான், பதினெட்டோ இருபதோ. அந்தக் காலத்தில் எவனோ நல்ல வியாபாரம் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்குக் கணுக்கால் பிசகி மாவுக்கட்டு போட்டதும், புத்தகம் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அந்த அலமாரியைப் பார்த்துக்கொள்பவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோருக்கும் அலமாரி அக்கா.

“அவ படிக்காத புத்தகம் எது, அக்கா?”

“என்னை ஏன் கேக்குறீங்க தம்பி? பத்தொன்பதாம் பக்கத்தைக் கேளுங்க.”

“பக்கம் பேசுமா?”

“பேசும். எல்லா அட்டையிலும் ஒரே முதுகு, இல்லையா? படிச்சதையே மறுபடி தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு பொம்பளைங்க அந்தப் பக்கத்து மூலையில ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைப்பாங்க. ஒருத்தி மீன், ஒருத்தி சாவி. உங்க வீட்டம்மா என்ன போடுவாங்கன்னு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. சின்ன வட்டம், உள்ளே நாலு புள்ளி. பொத்தான்.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பொத்தான், பொத்தான், பொத்தான். பழுப்பு அட்டை போட்ட ஒரு கப்பல் கதையைத் திறந்தபோது கை நின்றுவிட்டது. ஒரே மூலையில் வரிசையாக ஏழு பொத்தான். ஒன்று பென்சில், ஒன்று நீல மை, ஒன்று சிவப்பு. சரக்கு எண்ணியே வளர்ந்தவன் நான். மூன்று தரம் எண்ணினேன். ஏழுதான்.

என் மனைவியின் கூடப்பிறந்த அக்காவுக்கு மறதிநோய் உப்பில்தான் ஆரம்பித்தது. தினமும் ஒரு பாக்கெட் உப்பு வாங்கினார். ஒருநாள் பரணைத் திறந்தால் இருபத்து மூன்று பாக்கெட். இரண்டாவது வருடம் சொந்தத் தங்கையைப் பார்த்து, “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. என் மனைவிக்கு இந்த வருடம் ஐம்பத்தெட்டு.

கள்ளநோட்டு என்று சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற புத்தி எங்கள் குடும்பத்துக்கே உண்டு. அந்தப் புத்தகத்தையே எடுத்துப் போனேன்.

“இந்தா. புதுசா வந்ததாம்.”

அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “புதுசா?”

“ஆமா, அலமாரி அக்கா சொன்னாங்க.”

“சரி,” என்று வாங்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். கப்பல் மூழ்கிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பாவைத் திட்டினாள். எல்லாம் புதிதாகப் படிக்கிறவளைப் போலவே.

மறுநாள் காலை சும்மா கேட்பது போல ஆரம்பித்தேன். “இன்னிக்கு என்ன கிழமை?”

“திங்கள். ஏன்?”

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?”

“நீங்க அடிபிடிக்க வச்சது. மறக்கத்தான் பாக்குறேன், முடியல.”

பதில் சரி. ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவளுடைய அக்காவும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் கிண்டலடித்தார். மகளுடைய போன் நம்பரைக் கேட்டேன், எங்கள் கல்யாணத் தேதியைக் கேட்டேன். கடையில் உட்கார்ந்தால் நினைப்பெல்லாம் உப்புப் பாக்கெட்டிலேயே இருந்தது. குழந்தை கவுன் தைக்கிற தையல்காரருக்கு மேல்கோட்டுப் பொத்தானை அனுப்பிவிட்டேன். “அண்ணாச்சி, பிள்ளைக்குப் போட்டா பிள்ளை குப்புற விழும்,” என்று அவர் போனில் சிரித்தார். ஒருநாள் கடைச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அவள் முகம் கழுவப் போன நேரத்தில் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். எட்டு பொத்தான்.

ஒற்றைக் காலில் தத்தியபடி வந்தவள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“ஏம்மா... இதை நீ ஏற்கெனவே படிச்சிருக்கே. தெரியுதா?”

“தெரியாம? உங்க நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் உக்காந்திருந்தப்போ எதைப் படிச்சேன்? உங்களுக்கே ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டினேனே. அதையே எங்கிட்ட நீட்டிப் புதுசுன்னு சொல்றீங்க. கிழமை கேக்குறீங்க, கல்யாணத் தேதி கேக்குறீங்க, சாவியைக் கதவுல விடுறீங்க. எங்க அக்கா மாதிரி உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சுன்னு மூணு நாளா நான் செத்துப் பிழைக்கிறேன். டாக்டர்கிட்ட நாளைக்கு நேரம் வாங்கியாச்சு.”

“எனக்கா?”

“பின்னே எனக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். அலமாரியில் எண்ணியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவளும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“மத்த புத்தகமெல்லாம் பொழுதுபோக்கு. இது பயத்துக்கு. பயம் வந்தா இதை எடுப்பேன், ஒரு பொத்தான் போடுவேன். இதுல புயல் வரும், அவன் செத்துட்டான்னு கடுதாசிகூட வரும். ஆனா கடைசியில ஆலய வாசல்ல அவன் நிப்பான், எனக்குத் தெரியும். நம்ம வீட்டுல அடுத்த பக்கத்தை யாரு எனக்குக் காட்டுறாங்க?”

“ஜெபம் பண்ணலாமே?”

“பண்ணிட்டுத்தான் படிக்கிறேன். அவர் பதில் சொல்ற வரைக்கும் கையில ஏதாவது வேணாமா?”

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்து, விரல் வைத்துச் சொன்னாள். முதலாவது, மகளுக்கு டைபாய்டு. இரண்டாவது, கடை எரிந்தது. சிவப்பு மையைத் தாண்டி நாலாவதுக்குப் போனாள். அது மகளின் பிரசவம். ஐந்தாவது, என் நெஞ்சுவலி. ஆறும் ஏழும் அவளுடைய அக்கா, உப்புக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. எட்டாவது நான், இந்த வாரம்.

“மூணாவது?”

“அது முடிஞ்சுபோன விஷயம்.”

“என்னன்னு சொல்லேன்.”

“சொல்ற மாதிரி இருந்தா அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருப்பேனே. புத்தகத்துகிட்ட ஏன் போறேன்?” கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

கடை எரிந்ததற்கும் மகள் பிரசவத்துக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். ஒரே வீட்டில்தான் இருந்தோம், ஒரே மேஜையில்தான் சாப்பிட்டோம். வருடம் வருடமாகப் புரட்டிப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மொத்தம் எட்டு பொத்தான். விவரம் கிடைத்தது ஏழுக்கு. சிவப்பு மையில் ஒன்று நிலுவை.