கடலைக்காட்டில் மதியச் சாப்பாடு

பேரணாம்பட்டு சாலையில் பெருமாள் குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடை, மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜேக்கப் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் போனது. மற்றவர்களுக்கு இருந்தது, அன்றைக்கு மீன் குழம்பு. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசரான ஜேக்கப், வழக்கம்போல ஒரு மணிக்கு வண்டியை நிறுத்திப் பார்த்தபோது, பஞ்சர் கடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நிலக்கடலை பயிராகி நின்றது. வழி தவறிவிட்டோம் என்று திரும்பிப் போய், பிறகு மறுபடி வந்தார். கடலைச்செடிதான். அன்று பட்டினி. அவரோடு வேலை செய்யும் தௌசீப் அகமது அதே இடத்தில் சாப்பிட்டுவிட்டு, விரலில் மீன் வாசனையோடு கம்பெனிக்கு வந்து ஏப்பம் விட்டார்.

மனைவி ரோஸ் இறந்து நாற்பது நாள்கூட ஆகாத சமயம் அது. பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. சாப்பிட்டீர்களா என்று அவரைக் கேட்க உலகத்தில் மிச்சமிருந்தவர்கள் பெருமாளும், அவர் மனைவி பாக்யலட்சுமியும், பரிமாறுகிற மகள் மேகலாவும்தான். அந்தக் கடையும் போனால் மனுஷனுக்கு என்ன இருக்கிறது? தான்தான் செத்துப்போய்விட்டோமோ, சொல்ல ஆளில்லாததால் தெரியவில்லையோ என்றுகூட ஜேக்கப் பயந்தார். மறுநாள் அதே இடத்தில் நின்று கடைக்குப் போன் போட்டார்.

"வாசல்லயேதான் நிக்கறீங்க, உள்ள வாங்க அண்ணா," என்றாள் பாக்யலட்சுமி.

அவர் காலெடுத்து வைத்தார். கடைக்குள் இருந்தவர்கள் கண்ணுக்கு அவர் வாசல் வரை வந்து, சுவரோரமாகவே திரும்பி, கோயிலைச் சுற்றுவதுபோலக் கடையைச் சுற்றி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எழுந்து வேடிக்கை பார்த்தார்கள், கையை உதறாமலே.

மேகலாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை மாமா சாப்பிட்டு முடித்து இலையை எதிர்ப்பக்கமாக மூடினார், நான் பார்த்தேன் என்றாள். துக்க வீட்டில்தான் அப்படி மூடுவார்கள், இந்த வாசலில் இனி இப்படி ஒரு சாப்பாடு வேண்டாம் என்று. மற்ற இடத்தில் தன் பக்கமாக மடக்குவதுதான் முறை. ரோஸுக்காக வந்த சொந்தம், ஜெபக்கூட்டம் என்று அந்த மாதம் முழுக்கத் துக்கச் சாப்பாடே சாப்பிட்ட கை, பழக்க தோஷத்தில் அங்கேயும் அப்படியே மூடிவிட்டது. அந்த இலையைத் தேடிப் பிரிக்கலாம் என்றால், அதை அன்றைக்கே மாடு தின்றாகிவிட்டது.

வேலூரிலிருந்து வந்த பாஸ்டர் ஜெபித்தார். பெருமாள் தன் பங்குக்கு வாசலில் பூசணிக்காய் உடைத்தார். கடலை மட்டும் பூத்தது. ஜேக்கப் பிஸ்கட்டைத் தின்று இளைத்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். தோல் வெட்டுகிற ஆளுக்கு அது மட்டும் கஷ்டமில்லை.

கடைசியில் தௌசீப்புக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா பேஜாரு இது. கடை தெரியலன்னா போகட்டும் தோஸ்த், சோறு இருக்குதா இல்லியா, அதப் பாரு," என்று ஜேக்கப்பின் கையைப் பிடித்து இழுத்தார். வாசலைத் தாண்டியதும் ஜேக்கப்பின் கண்ணுக்குத் தௌசீப் மறைந்துபோனார். பிடித்த கை மட்டும் விடவில்லை. தோளை யாரோ அழுத்தினார்கள். செடிக்கு நடுவே, வெயிலில், உட்கார்ந்தால் பெஞ்சு இருந்தது. விரலை வைத்த இடத்தில் இலை பச்சையாகத் தெரிந்தது. ஒன்றுமில்லாத காற்றிலிருந்து சோறு விழுந்தது, ஆவி பறக்க. அதன்மேல் சாம்பார். முதல் கவளம் உள்ளே போனதும் கரண்டிச் சத்தம் கேட்டது, லாரிக்காரர்கள் பேசுவது கேட்டது, பிறகு பாக்யலட்சுமியின் குரல்.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா அண்ணா?"

ஜேக்கப் அழுதார். செத்துப்போகவில்லை, யாரும் தன்னை விட்டுவிடவும் இல்லை என்ற நிம்மதியில், சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார். ரோஸ் போனதிலிருந்து நெஞ்சில் கல்லாக இருந்தது அங்கேதான் கரைந்தது. மூன்று முறை சோறு வாங்கினார். இலையைத் தன் பக்கமாக, ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்தி மடக்கினார். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்படியும் கடை அவர் கண்ணுக்கு வரவில்லை. பெருமாளுக்கு முகம் வாடிவிட்டது, ஜேக்கப்புக்கு அப்படியொன்றுமில்லை. கை கழுவ எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அதன்பிறகு தினமும் வருகிறார். மேகலா வாசலில் நின்று கைபிடித்து உட்காரவைப்பாள். அவளுக்குக் கல்யாணமாகித் திருப்பத்தூருக்குப் போனதும் அந்த வேலையை லாரிக்காரர்களில் எவராவது செய்கிறார்கள். ஐப்பசி மழையில் அவருக்கு நான்கு பக்கமும் கொட்டும், சட்டை நனையாது. கடலை பிடுங்கியபின் அங்கே யார் விதைப்பது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இந்த வருஷம் கேழ்வரகு நன்றாக வந்திருக்கிறது என்று அவர் சொன்னால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். போன வாரம் பாக்யலட்சுமி, தர்காவில் ஒருவர் மந்திரிக்கிறாராம், கடை தெரிய வைத்துவிடுவாராம், கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள்.

ஜேக்கப் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வேணாம்மா," என்றார். "காத்து நல்லா வருது."

அவள் ரசம் ஊற்றினாள்.