நாற்பத்தொன்றா, அறுபத்தேழா

காற்று நின்றதும் ஷஃபானாவின் கைகள் தாமாகவே பாய்ந்தன. மின்சாரம் போய்விட்டது. வடிகட்டிய காற்று வீசும் ஹூட் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பெட்ரி தட்டுகள் திறந்து கிடந்தன. காற்று நின்றால் அடுத்த நொடியே பூஞ்சை வந்து உட்காரும். கைக்குக் கிடைத்த மூடிகளை எடுத்துக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் உறுமியது. ஹூட் மறுபடி மூச்சுவிட்டது.

அப்போதுதான் மூடிகளைக் கவனித்தாள்.

எண்ணைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். செங்கல்பட்டில் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்றே கற்றுக்கொண்ட பழக்கம் அது. இந்த இரண்டுக்கு மட்டும் மூடியில் எழுதியிருந்தாள். நான்கு வாரத்துக்கு முன், முதல் நோன்பு அன்று, நோன்பு திறக்க வீட்டுக்குப் போக சதுரங்கப்பட்டினம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஸ்பிரிட்டால் துடைத்த அடிப்பக்கம் காயவில்லை, மை பிடிக்கவில்லை. ஒரு மூடியில் 41, இன்னொன்றில் 67. எந்த மூடி எந்தத் தட்டுடையது?

செய்யூர்ப் பக்கத்து உவர்நிலத்தில் ஒரு நெல் விளைகிறது. உப்பைத் தாங்கும். ஆனால் அதன் இளங்கதிரை நறுக்கித் தட்டில் வளர்த்தால், உருவாகும் திசுக்கட்டி பழுப்பேறிச் செத்துப்போகும். இன்னொரு ரகத்தின் கட்டியோ பச்சைப்பசேலென்று துளிர்த்துவிடும். ஷஃபானா இரண்டையும் கலந்து, பேரன் தலைமுறைச் செடிகளுக்கு வரிசையாக எண் போட்டு, அவற்றில் அறுபதை எடுத்துக்கொண்டாள். துளிர்ப்பதும் கருகுவதும் ஒரே ஒரு மரபணுவின் கையில் இருக்கிறது, அது இருந்தால் துளிர்க்கும், இல்லையென்றால் கருகும் என்பது அவள் வாதம். அது எந்தச் செடியில் உண்டு, எதில் இல்லை என்று இலையைச் சோதித்துப் பட்டியல் போட்டிருந்தாள். ஐம்பத்தெட்டுத் தட்டுகள் பட்டியல் சொன்னபடியே நடந்தன. மீதி இந்த இரண்டு. 41க்கு மரபணு உண்டு, 67க்குக் கிடையாது. இப்போது ஒரு தட்டு பச்சை, ஒரு தட்டு பழுப்பு. நான்கு வருட உழைப்பின் கட்டுரை நாளைக் காலை ஆய்விதழுக்குப் போக வேண்டும்.

"இன்னா, பேயறைஞ்ச மாதிரி கீற?" பக்கத்து மேசை பாலா எட்டிப் பார்த்தான்.

சொன்னாள்.

"அவ்ளோதானா? பச்சையா கீறது நாப்பத்தொண்ணு. லிஸ்ட்லயே கீதே! மூடிய அதும்படி போட்டுட்டு வா, நாஸ்தா துன்னலாம்... ஐயோ, உனுக்கு நோன்புல்ல. சரி, உனுக்கும் சேத்து நானே துன்னுக்கிறேன்."

"லிஸ்ட் சரியான்னு பாக்கத்தானே தட்டு வளத்தேன்? லிஸ்ட்டப் பாத்தே தட்டுக்குப் பேர் வெச்சா, நான் என்னத்த கண்டுபிடிச்சேன்?"

பதினோரு மணிக்கு ஆய்வுக்கூடத் தலைவி பிரபாவதி வந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரெண்டையும் விட்டுடு. மூடி மாறிடுச்சு, சேர்க்கலன்னு ஒரு வரி எழுதிடு. ஐம்பத்தெட்டு போதும். அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

இல்லைதான். தலையாட்டிவிடலாம் என்றுகூட ஷஃபானாவுக்குத் தோன்றியது. ஆனால் ஹூட்டின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதில் உயிரோடு கிடந்தது.

"ரெண்டுலேயும் ஒரு துணுக்கு வெட்டி, ஜீன் இருக்கான்னு நேராவே பாத்துடறேன் மேடம். சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."

"பச்சையில இல்லன்னு வந்தா? தெரியாத வரைக்கும் விட்டுடலாம் ஷஃபானா. தெரிஞ்சப்புறம் விட்டா, அதுக்குப் பேர் வேற. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். யோசித்தபடியே கத்தியைச் சுடரில் காட்டினாள்.

துணுக்கை அரைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, அதைப் பெருக்கும் இயந்திரத்தில் வைத்தாள். தவறு வரக்கூடாதென்று ஒவ்வொன்றையும் இரண்டு குழாயில் வைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. நான்கரை மணி பஸ் போயிற்று. ஐந்தேகால் பஸ்ஸும் போயிற்று. பாலா கூடுவாஞ்சேரி வீட்டுக்குக் கிளம்பாமல் பையை மாட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தான்.

மரபணு இருந்தால் கோடு மேலே ஒளிரும், இல்லையென்றால் கீழே. விளக்கை அணைத்துவிட்டு, டிஎன்ஏவை ஓட்டிய ஜெல்லைப் புறஊதா வெளிச்சத்தில் வைத்தாள்.

பழுப்புத் தட்டு: மேலே, மேலே.

பச்சைத் தட்டு: கீழே, கீழே.

"மாத்தி ஊத்திட்டியா?" பாலாவின் குரல் இறங்கியிருந்தது.

"நாலு குழாய்லயுமா?"

"ஃபோன் பண்ணாத. காலையில பாத்துக்கலாம்."

அதற்குள் பிரபாவதியின் எண்ணை அழுத்திவிட்டாள்.

"மேடம், பச்சை அறுபத்தேழு. ஜீன் இல்லாமலே துளிர்த்திருக்கு. நாப்பத்தொண்ணுல இருக்கு, ஆனா கருகிடுச்சு."

மறுமுனையில் பிரபாவதி அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"ஒரே மரபணுன்னு இனி எழுத முடியாது."

"முடியாது மேடம்."

"நாளைக்கு அனுப்பவும் முடியாது."

"ஆமா மேடம்."

"அப்ப அது எப்படித் துளிர்த்துச்சு?"

ஷஃபானா தட்டைத் திரும்பிப் பார்த்தாள். அரை விரல் உயரம் இருக்கும், ஐந்தாறு துளிர்கள்.

"தெரியல மேடம்," என்றாள். சொன்ன பிறகுதான், நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை பிரபாவதியிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது உறைத்தது.

"சரி. வேர் விடற பாட்டிலுக்கு மாத்து. இன்னிக்கே. அது செத்துட்டா, எப்படின்னு கேக்கறதுக்கு வேற ஆளில்ல."

பாலா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். "நோன்பு தொறக்க நேரமாயிட்ச்சு, மொதல்ல வாய நனை." இரண்டு மிடறு குடித்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஹூட்டின் முன் உட்கார்ந்தாள்.