காலியாக வராத நீலப் பெட்டிகள்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2009 ஆகஸ்ட். பன்றிக் காய்ச்சல் பயம். ஓசூரில் எல்லோரும் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு டீ குடிக்க முயன்ற வாரம். தொழிற்சாலைகள், மருந்து வியாபாரிகள், சர்ச், ஆஸ்பத்திரி எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மருந்தை யார் வாங்குவது, யார் ஏற்றுவது, யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பேச ஒரு கூட்டம் ஏற்பாடானது. எங்கள் மேலாளர் பூபதி என்னை அழைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி கரடிக்குட்டைல வாந்திபேதி வந்தப்ப நீதானப்பா பாத்த? என்ன கத்துக்கிட்டோம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு. புல்லட் பாயிண்ட் போதும்."

மூன்று புல்லட் பாயிண்ட் எழுதினேன். நான்காவதில் ஒரு பூசணிக்காய் வந்தது. அதற்குப் பிறகு அது அறிக்கையாக இருக்க மறுத்துவிட்டது.

[ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன். தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுப் பக்கம் போகும் சாலையில் கரடிக்குட்டை என்று ஓர் ஊர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.]

கதையில் கேள்வி ஒன்றுதான். கரடிக்குட்டைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் படுத்திருக்கும் மாதப்பன் பிழைத்தாரா? வயது முப்பத்தெட்டு. இரண்டு ஏக்கர் அவரை போட்டிருந்தார். அவருக்கு வேண்டியது குளுக்கோஸ் பாட்டில். அதை அனுப்ப வேண்டியவன் நான்.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்.

"பனியில் மூழ்கிய அந்த மலைக்கிராமத்தில்—" இல்லை. நான் போனது மதியத்துக்கு மேல். பனி இல்லை.

"மரணம் ஒரு நீலப் பெட்டியில்—" வேண்டாம்.

"ஒரு பொருள் தீர்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?" இது சரி. இது என் தொழில்.

தொழிற்சாலையில் அதற்கு எளிய வழி உண்டு. போல்ட்டுக்கு இரண்டு பெட்டி வைப்போம். ஒன்று தீர்ந்ததும் காலிப் பெட்டி ஸ்டோருக்கு வரும். ஸ்டோர் நிரப்பி அனுப்பும். சீட்டு வேண்டாம், போன் வேண்டாம். காலிப் பெட்டியே கடிதம். பெட்டி கனமாகத் திரும்பினால், 'எங்களிடம் மிச்சம் இருக்கிறது, குறைத்து அனுப்பு' என்று பொருள்.

2007 டிசம்பரில் கரடிக்குட்டையில் குடிநீர்த் தொட்டி கெட்டு ஊரே படுத்தபோது, மருந்துக்கும் இதையே வைத்தேன். கிருஷ்ணகிரி மொத்த வியாபாரி பாட்டில் தந்தார். எங்கள் ஸ்டோரில் வெங்கடப்பன் அதை நீலப் பெட்டிகளில் அடுக்கினார். எங்கள் வேனில் முனிராஜ் தேன்கனிக்கோட்டை வரை கொண்டுபோனான். அங்கிருந்து பால் வண்டி. பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொள்ள சர்ச் அனுப்பிய நர்ஸ் சூசைமேரி. ஊரில் செல்போன் சிக்னல் இல்லை. என் முறைக்கு அது தேவையும் இல்லை.

கூடுதலாக ஒரு விதி சேர்த்தேன். திரும்பி வரும் மருந்துப் பெட்டியைப் பார்மசிஸ்ட் தவிர யாரும் திறக்கக்கூடாது. பார்மசிஸ்ட் சனிக்கிழமை வருவார்.

[இந்த விதிக்காகப் பூபதி எனக்குக் கைகொடுத்தார்.]

3

திங்கட்கிழமை இரண்டு பெட்டி போனது. பெட்டிக்கு இருபது பாட்டில். செவ்வாய் ஒரு பெட்டி திரும்பியது. வெங்கடப்பன் தூக்கிப் பார்த்தார்.

"சார், அப்படியே வந்துட்ச்சு. வெயிட்டா கீது."

"மிச்சமா?"

"அப்படித்தான் இருக்கும். நாளைக்குப் பாதி அனுப்புனா போதும்."

புதன்கிழமை பத்து பாட்டில் அனுப்பினோம். வியாழக்கிழமை அடுத்த பெட்டி திரும்பியது. அதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"அவங்களுக்கு எல்லாம் சரியாப் போச்சு போல சார்" என்றார் வெங்கடப்பன். எனக்கும் மகிழ்ச்சி. அன்று ஒன்றும் அனுப்பவில்லை. 'கரடிக்குட்டையில் நிலைமை கட்டுக்குள்' என்று எட்டுப் பேருக்கு மெயில் போட்டேன். பூபதி 'குட்' என்று பதில் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பெட்டியிலிருந்து எறும்பு வரிசையாக வெளியே வந்தது. குளுக்கோஸ் பாட்டில் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். என் விதியை நானே மீறித் திறந்தேன்.

உள்ளே அவரைக்காய். பெட்டி நிறைய.

4

நான் படித்தவன். ஆகவே நேராகத் தவறான முடிவுக்குப் போனேன்.

"முனிராஜ், வழியில பெட்டியத் தொறந்தியா?"

"நானா? எதுக்கு சார்?"

"இருபது பாட்டில் இருந்த எடத்துல அவரைக்காய் இருக்கு."

முனிராஜ் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சார், திருடறவன் பாட்டில வித்துட்டுப் போயிட்டே இருப்பான். மெனக்கெட்டு இத்தன காய வாங்கி உள்ள அடுக்குவானா? அதுவும் நல்ல காயா?"

"வெயிட்டுக்கு வெச்சிருப்ப."

"வெயிட்டுக்குக் கல்லு இல்லியா சார் ஊர்ல?"

"சாவியக் குடு. ரெண்டு மணிக்குப் பூபதி சார் வருவார். அவர்கிட்டப் பேசிக்க."

சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னான். எனக்குத் தெலுங்கு தெரியாததால் இருவருக்கும் மரியாதை மிஞ்சியது.

ஆதாரத்தை அவன் கைக்கெட்டும் இடத்தில் விட்டுவைக்கக் கூடாது என்று, பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

5

இந்த இடத்தில் யாராவது எனக்கு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

முதல் வரைவில் வெங்கடப்பன் சொன்னார். அவரும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர், சொல்லக்கூடியவர். ஆனால் தெரிந்தவர் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பாரே? இரண்டாவது வரைவில் பார்மசிஸ்ட் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். பொருந்தியது. பூபதியிடம் காட்டினேன். "நல்லாத்தான போகுது" என்றார்.

நன்றாகத்தான் போனது. சுப்ரியா இல்லாமலும் கதை நன்றாகவே போனது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சுப்ரியா என் மனைவி. 2008 நவம்பரில் இறந்துவிட்டாள். ஆம்புலன்ஸ், ரத்தம், மருந்து எல்லாமே நேரத்துக்கு வந்தன. இது தகவலுக்காக. கதை நடப்பது 2007 டிசம்பரில். அவள் வீட்டில் இருக்கிறாள். மணி ஒன்றேகால். பார்மசிஸ்ட்டைச் சனிக்கிழமைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

6

"என்னங்க இது, அவரைக்காயா? யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. இது திருட்டு."

"திருட்டு அவரையா?" ஒரு காயை முறித்து முகர்ந்தாள். "பனி பட்ட காய். வாசன பாருங்க. பிதுக்கப் பருப்புக்கு இந்தப் பக்கம் இதுக்கு அலையறாங்க. திருடன் ரசிச்சுத் திருடியிருக்கான்."

முழுவதையும் சொன்னேன். இரண்டு பெட்டி முறை, கனம், முனிராஜ், சாவி. அவள் சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, நீங்க பெட்டில மருந்து வெச்சு அனுப்புனீங்க. அவங்க பெட்டியத் திருப்பித் தரணும். வெறும் பெட்டியவா தருவாங்க? எதுத்த வீட்டு லிபியாக்கா கேக் குடுத்த டப்பாவ நான் என்னிக்காச்சும் வெறுமனே குடுத்திருக்கனா?"

"அது டப்பா. இது சிஸ்டம்."

"இது சிஸ்டம்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. சுற்றறிக்கை எட்டுப் பேருக்குப் போயிருந்தது. எட்டுப் பேரும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்தார்கள்.

"இன்னொரு பெட்டி வந்துச்சுன்னீங்களே?"

"நேத்து. இதவிடக் கனம்."

சிரிப்பு நின்றது. "இதவிடக் கனமா வெச்சிருக்காங்கன்னா, இதவிட அவசரமாக் கேக்கறாங்க. எந்திரிங்க."

"சாப்பாடு?"

"வந்து சாப்பிடலாம். எந்திரிங்க முதல்ல."

காய்களை முறத்தில் கொட்டிக்கொண்டு பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

7

இரண்டாவது பெட்டியில் பூசணிக்காய். பெட்டிக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. நானும் வெங்கடப்பனும் பிடுங்கி எடுத்தோம். அடியில் நோட்டுத் தாள்.

'சார், வரும் பாட்டில் குறைந்துகொண்டே போகிறது. எங்கள் பக்கம் தவறு நடந்திருந்தால் மன்னிக்கவும். பாட்டில் நான்குதான் இருக்கிறது. மாதப்பன் என்பவருக்கு நாடி இறங்குகிறது. சூசைமேரி. வியாழன் காலை.'

இப்போது வெள்ளி மதியம் இரண்டு.

அறுபது பாட்டில் ஏற்றினோம். முனிராஜ் வேனுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். சாவியை நீட்டினேன்.

"திருடன் ஓட்டற வண்டில ஏறலாமா சார்? பத்திரமா இருக்குமா?"

"தப்புதான் முனிராஜ். வா."

"ஒருவாட்டி சத்தமாச் சொல்லுங்க. வெங்கடப்பண்ணனுக்குக் காது கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். வெங்கடப்பனுக்குக் கேட்டது. கேன்டீனுக்கும் கேட்டது.

[இங்கே யானை வந்தால் கதைக்கு நல்லது. டிசம்பரில் சானமாவுக் காட்டுப் பக்கமெல்லாம் யானைக் கூட்டம்தான். ஒரு வரைவில் தேன்கனிக்கோட்டை தாண்டியதும் ஒற்றைக் கொம்பன் சாலையை மறித்து நின்றது. ஆனால் நாங்கள் போனது பட்டப்பகலில். வழியில் மறித்தது ஒரு டிராக்டர். அதுவும் உடனே ஒதுங்கிவிட்டது.]

பால் வண்டிக்குக் காத்திருக்கவில்லை. முனிராஜ் வேனை நேராகக் கரடிக்குட்டைக்கே விட்டான். அச்சு முறியும் சாலை. முறியவில்லை. மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

8

முதல் வரைவில் மாதப்பன் இறந்துவிட்டிருந்தார். நாங்கள் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது அழுகுரல் கேட்கும். அறிக்கைக்கு அதுதான் பொருத்தம். படிப்பினை ஆழமாக இறங்கும். மூன்று நாள் அவரை அப்படியே வைத்திருந்தேன். அடுத்த பத்தி எழுத வரவில்லை. பிழைத்த ஒரு மனிதரை நான் ஏன் காகிதத்தில்— இந்த வாக்கியம் வேண்டாம்.

நடந்தது இது.

மாதப்பன் பெஞ்சில் கிடந்தார். கண் உள்ளே போயிருந்தது. கடைசி பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. சூசைமேரி இரண்டு நாளாக நான்கு பாட்டிலை இழுத்து இழுத்து ஓட்டியிருக்கிறார். மற்றவர்களுக்கு உப்புக் கஞ்சியைக் கரண்டியில் ஊட்டிச் சமாளித்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்? அவரை வெச்சோம், பாதி வந்துச்சு. பூசணி வெச்சோம், ஒண்ணுமே வரல. கேழ்வரகு வெச்சிருக்கணுமோன்னு நேத்து ஊர்ல கூட்டமே போட்டாங்க."

பேசிக்கொண்டே புது பாட்டிலை மாட்டி வேகமாகத் திறந்துவிட்டார். இன்னொரு கையிலும் ஊசி ஏற்றினார்.

"பொழச்சுக்குவாரா சிஸ்டர்?"

"நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல. போயிட்டாருன்னா பொழச்சார்."

மாதப்பனின் கால்மாட்டில் அவர் மனைவி மாரம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "அவரேகாயி சென்னாகித்தா?" என்றார். அவரைக்காய் நன்றாக இருந்ததா என்று கேட்கிறார்; அவ்வளவு கன்னடம் எனக்குப் புரியும். அவரைக்காய் அவர்கள் தோட்டத்தில் பறித்தது. பூசணியும் அவர்களுடையதுதான். முதல் பாட்டில் ஏறியதும் புருஷன் கண்ணைத் திறந்த சந்தோஷத்தில் விடியற்காலையில் போய்ப் பறித்து வந்திருக்கிறார். அவர் நன்றி கூடக்கூட நான் மருந்தைக் குறைத்திருக்கிறேன்.

"சென்னாகித்து" என்றேன். சூசைமேரி என்னைப் பார்த்தார். பாட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார். மாரம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பிறகு காத்திருந்தோம். சுமார் முப்பது பேர், ஒரு மனிதர் ஒன்றுக்குப் போவதற்காக. முனிராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலரை. ஐந்து. சூசைமேரி ஐந்தாவது பாட்டிலை மாட்டினார். ஐந்தரைக்கு மாதப்பன் ஏதோ முனகினார். மாரம்மா குனிந்து கேட்டார். நிமிர்ந்து, "சிஸ்டர், சட்டி!" என்று கத்தினார்.

வெளியே முதலில் விசில் அடித்தது முனிராஜ். பிறகு ஊரே கைதட்டியது.

9

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரே வரி. 'பெட்டி காலியாக வந்தாலும் கனமாக வந்தாலும் திறந்து பார்க்கவும், அனுப்பியவரிடம் பேசவும்.' பூபதி, "இவ்ளோதானா?" என்றார். இவ்வளவுதான்.

கதைக்கு முடிவு வேண்டும். அன்று இரவு ஏழரைக்கு வீடு திரும்பினேன். சுப்ரியா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக் குழம்பு வைத்திருந்தாள். அதன் உறைப்பு நினைவிருக்கிறது. மிச்சமான பாட்டில் எத்தனை, ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதுகூட நினைவிருக்கிறது. மாதப்பன் பிழைத்துவிட்டார் என்று நான் சொன்னதும் அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் நினைவில்லை.

இட்டுக்கட்ட முடியும். ஊரின் பெயரை நான்தான் வைத்தேன். இதையும் முயன்றேன்.

"ஒண்ணுக்குப் போனதுக்கா கைதட்டினாங்க?" — நான் எழுதியதுபோல் இருக்கிறது.

"முனிராஜ் மன்னிச்சானா?" — கேட்டிருப்பாள். ஆனால் முதலில் இதையல்ல.

"அப்பாடா." — இது யாரும் சொல்வது.

மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் பேச்சை இன்னொருவர் வாயில் இரண்டு முறை வைத்துப் பார்த்தவன் நான். என் பேச்சை அவள் வாயில் வைக்க மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் ஒரு பக்கம் அளவுக்குத்தான் உங்களுக்கு அவளைத் தெரியும், இருந்தாலும் முயலுங்கள். நீட்டிப் பேச மாட்டாள். பெரும்பாலும் கேள்வியாகத்தான் இருக்கும். சேலத்துக்காரி.

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாதப்பன் பொழச்சுட்டார்" என்றேன். சுப்ரியா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். சொன்னாள்: